அல்ஜீப்ரா டியூஷன்: சிவாஜிநகரில் முதல் மாணவரைக் கரையேற்றுவது எப்படி?

டிகிரி முடித்துவிட்டீர்கள். இன்டர்வியூ கால் வரவில்லை. வீடு பெங்களூரு சிவாஜிநகர். கணக்கு ஓரளவு கைவசம் இருக்கிறது. அப்படியானால் உங்கள் முதல் வருமானத்துக்கு எலெக்ட்ரானிக் சிட்டி வரை போக வேண்டாம், தெருமுனையிலேயே இருக்கிறது. கமர்ஷியல் ஸ்ட்ரீட் துணிக்கடையில் நிற்கும் பையன், ரசல் மார்க்கெட்டில் அப்பாவின் காய்கறிக் கடையைப் பார்த்துக்கொள்பவன், பில்லிங் கவுன்டரில் உட்காரும் பெண் எல்லோரும் ஏதாவது ஒரு கவர்மென்ட் எக்ஸாமுக்கு அப்ளை செய்திருப்பார்கள். எல்லோரும் மாட்டுகிற இடமும் ஒன்றுதான். எக்ஸைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவர்களைத் தாண்டவைக்கத் தெரிந்தவருக்கு இங்கே போட்டி குறைவு. கோச்சிங் சென்டர்கள் ஏற்கெனவே கணக்கு தெரிந்தவர்களுக்கு ஷார்ட்கட் விற்கின்றன. அடித்தளமே ஆடுகிறவனோடு உட்கார அங்கே யாருக்கும் நேரமில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தையைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதக்கூடிய ரயில்வே குரூப் டி தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் 25 கணக்கு, தப்பான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு மார்க் போகும். டிகிரி முடித்தவர்கள் எழுதும் வங்கி கிளார்க் பிரிலிமினரியில் எண்கணிதம் 35 கேள்வி, அதற்கென்று 20 நிமிடம், தப்புக்குக் கால் மார்க். இவற்றில் அல்ஜீப்ரா என்ற பெயரிலேயே வரும் கேள்விகள் கொஞ்சம்தான். ஆனால் வயதுக் கணக்கு, லாப நட்டம், வேகம் தூரம், ஆள் வேலை எல்லாம் உள்ளே சமன்பாடுதான். எக்ஸ் பிடிபட்டால் பாதி சிலபஸ் தானாகத் திறக்கும். மாணவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாதவன் இரண்டாவது வாரமே காணாமல் போவான்.

1. முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்காதீர்கள்

ஒரு வெள்ளைத் தாளில் ஐந்தே ஐந்து கேள்வி கொடுங்கள். 8 + 4 = □ + 5. −3 − 5 எவ்வளவு? 12-ல் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? 3 × (10 + 2) எவ்வளவு? □ − 9 = 4, பெட்டிக்குள் என்ன? பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். விடையைவிட எங்கே தயங்குகிறான், எங்கே அடித்துத் திருத்துகிறான் என்பதைக் கவனியுங்கள். அவனுக்கு அல்ஜீப்ரா வராததற்குப் பெரும்பாலும் காரணம் அல்ஜீப்ரா அல்ல. ஐந்தாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ விட்டுப்போன ஒரு சின்ன விஷயம்தான். அதைக் கண்டுபிடிக்காமல் நூறு கணக்கு போடவைத்தால் அவனும் களைப்பான், நீங்களும் களைப்பீர்கள், கட்டணம் கொடுக்கும் அப்பா கணக்குக் கேட்பார்.

2. பிரச்சினை எக்ஸில் இல்லை, சமக்குறியில்

முதல் கேள்விக்கு 12 என்று எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள். 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 145 ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. பெரும்பாலோர் 12 என்றார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்றார்கள். சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்று ஆரம்பப் பள்ளியிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. கால்குலேட்டரும் அதையேதான் சொல்லித்தருகிறது. இப்படிப் பழகியவனுக்கு 5எக்ஸ் − 4 = 2எக்ஸ் + 11 என்பதைப் படிக்கவே முடியாது. வலது பக்கத்தில் விடை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கணக்கு உட்கார்ந்திருக்கிறதே!

மருந்து எளிது. எக்ஸே இல்லாமல் ஒரு வகுப்பு முழுக்க இதையே செய்யுங்கள். 7 + 6 = 10 + 3, சரியா தப்பா? 9 = 9, எழுதலாமா? 15 = 8 + 7 என்று திருப்பி எழுதலாமா? கூடாது என்று அடித்துச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. வலது பக்கத்தைக் கையால் மூடி இடது பக்கம் எவ்வளவு என்று கேளுங்கள், பிறகு இடதை மூடி வலதைக் கேளுங்கள். மார்க்கெட் பையனென்றால் தராசைச் சொன்னால் போதும், ஒரு தட்டில் எடுத்ததை இன்னொரு தட்டிலும் எடுக்க வேண்டும் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம். ஆனால் தராசை ரொம்ப நாள் இழுக்காதீர்கள். மைனஸ் மூன்று கிலோவை எந்தத் தட்டில் வைப்பது என்று அவன் கேட்பான்.

3. 'அந்தப் பக்கம் போனால் மைனஸ்' என்று ஆரம்பிக்காதீர்கள்

இதை நான் அடித்துச் சொல்வேன். நம் ஊரில் முக்கால்வாசி டியூஷன் இந்த ஒரு வரியில்தான் ஓடுகிறது. வேகமான வரிதான், தெரிந்தவனுக்கு நல்ல வரியும்கூட. தெரியாதவனுக்கு அது மந்திரம், ஒரு நாள் மறந்தால் எல்லாம் போச்சு. 3எக்ஸ் + 7 = 22 கொடுத்தால் பையன் கீழே 3எக்ஸ் = 29 என்று எழுதுவான். கேட்டுப் பாருங்கள்.

"29 எப்படிடா வந்துச்சு?"

"ஏழை அந்தப் பக்கம் கொண்டுபோனேன்ணா."

"கொண்டுபோனா?"

"பிளஸ் ஆகும்… இல்ல, மைனஸா?"

கண் உங்கள் முகத்தைப் பார்க்கும், தாளைப் பார்க்காது. அதுதான் அறிகுறி. அவன் கணக்கு போடவில்லை, உங்கள் முகத்தைப் படிக்கிறான். தலையாட்டிவிட்டால் அவன் வென்றான், நீங்கள் தோற்றீர்கள்.

மாற்றாக இப்படிச் செய்யுங்கள். எக்ஸுக்கு என்ன நடந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள்: முதலில் மூன்றால் பெருக்கினார்கள், பிறகு ஏழு கூட்டினார்கள். இப்போது அதைப் பின்னாலிருந்து கழற்ற வேண்டும். கடைசியில் போட்டதை முதலில் எடு. ஏழைக் கூட்டினார்களா? இரண்டு பக்கமும் ஏழைக் கழி. 3எக்ஸ் = 15. மூன்றால் பெருக்கினார்களா? இரண்டு பக்கமும் மூன்றால் வகு. எக்ஸ் = 5. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் என்ன செய்தோம் என்று சின்னதாக எழுதவைக்க வேண்டும்: '−7 இரு பக்கமும்', '÷3 இரு பக்கமும்'. இரண்டு வாரம் இதை விடாமல் எழுதினால் 'அந்தப் பக்கம் போனால் மைனஸ்' என்பதை அவனே கண்டுபிடித்து உங்களிடம் வந்து சொல்வான். அன்றைக்கு அனுமதியுங்கள்.

கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் முளையிலேயே கிள்ளுங்கள். 3எக்ஸ் = 22 − 7 = 15 ÷ 3 = 5 என்று ஒரே வரியில் ரயில் ஓட்டுவார்கள். 15-ம் 5-ம் சமம் என்று எழுதியிருக்கிறோம் என்பதே தெரியாது. ஒரு வரிக்கு ஒரு சமக்குறி, அவையும் ஒன்றன் கீழ் ஒன்றாக நேர்கோட்டில் வர வேண்டும். நோட்டு சுத்தமாக இருந்தால் தப்பு எந்த வரியில் என்று உங்களுக்குக் கண நேரத்தில் தெரியும். வீட்டில் புரட்டிப் பார்ப்பவர்களுக்கும் நல்ல இம்ப்ரெஷன்.

4. மார்க்கெட் மூளையைத் தாளுக்குக் கொண்டுவாருங்கள்

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை பார்க்கும் சிறுவர்களைச் சோதித்தது. கடையில் பில்லும் மீதியும் மனக்கணக்காகச் சரியாகச் சொன்னவர்களில் பலர், அதே மாதிரிக் கழித்தல் வகுத்தலைத் தாளில் பள்ளிக்கூட முறையில் கேட்டபோது தடுமாறினார்கள். சந்தை அனுபவம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளோ தாளில் போட்டுவிட்டு, சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒரு பக்கத் திறமை இன்னொரு பக்கத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. நடத்திக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். உங்களுக்குக் காசு கொடுப்பது அதற்குத்தான்.

ரசல் மார்க்கெட் பையனிடம் கேளுங்கள்: மூணு கிலோ தக்காளி, இருபது ரூபாய்க்குக் கொத்தமல்லி, மொத்தம் நூத்திப்பத்து. கிலோ என்ன விலை? கண்ணிமைக்கும் முன் 'முப்பது' என்பான். எப்படி என்று கேட்டால் 'கொத்தமல்லி இருபது போச்சு, தொண்ணூறு, மூணாலே வகுத்தேன்' என்பான். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவன் கண்முன்னே எழுதுங்கள். 3 × □ + 20 = 110. 'இருபது போச்சு': 3 × □ = 90. 'மூணாலே வகுத்தேன்': □ = 30. கடைசியில் பெட்டியை அடித்துவிட்டு அங்கே எக்ஸ் போடுங்கள். 'அவ்ளோதானாண்ணா?' என்பான். ஆமாம், அவ்வளவுதான். ஆனால் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ஐந்து கணக்கில் அவன் வாயால் சொல்ல வேண்டும், அவனே எழுத வேண்டும். அதற்கடுத்த ஐந்தில் தாளில் சமன்பாடு மட்டும் இருக்கும், கதையை அவன் சொல்ல வேண்டும். இந்தத் திரும்பும் பாதையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

5. போட்டுக்காட்டுங்கள், பிறகு பாதியில் நிறுத்துங்கள்

'நீயே முயற்சி பண்ணு' என்று பத்து கணக்கைத் தள்ளிவிட்டு போன் பார்ப்பது டியூஷன் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-ல் அல்ஜீப்ராவை வைத்தே இதைச் சோதித்தார்கள். புதிதாகக் கற்பவர்களில், முழுக்கப் போட்டுக்காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், தாமாகவே முட்டிமோதியவர்களைவிடச் சீக்கிரம் கற்றார்கள். அதே வகைக் கணக்குகளில் தப்பும் குறைவு. வேறு வகைக் கணக்கு வந்ததும் அந்த லாபம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஆகவே ஒன்று முழுக்கப் போட்டுக்காட்டுங்கள், அடுத்ததில் கடைசி வரியை மட்டும் விடுங்கள், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரி. இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து வெறும் கேள்வியில் நிறுத்துங்கள். பிடிபட்டவனுக்கு மேலும் மேலும் போட்டுக்காட்டினால் தூங்கிவிடுவான், அப்போது ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

6. விடையை அவனே சரிபார்க்கட்டும்

'கரெக்டாண்ணா?' என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். 'போட்டுப் பாரு' என்று மட்டும் சொல்லுங்கள். எக்ஸ் = 5 என்றால் 3 × 5 + 7, அது 22. வந்ததா? வந்தது. இதற்கு எட்டு விநாடி ஆகும். தேர்வு அறையில் நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் தப்பு விடையைத் தானே பிடிப்பது மார்க் வாங்குவதற்குச் சமம்.

வேலையிலும் இதே பழக்கம்தான் ஆளை வேறுபடுத்திக் காட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. வரி சேர்த்து 1,260 ரூபாய் போட்ட சுடிதாரின் வரிக்கு முந்தைய விலை என்ன என்று முதலாளி கேட்கிறார். கவுன்டரில் இருக்கும் பெண் 1,260-ல் ஐந்து சதவீதம் 63 கழித்து 1,197 என்கிறார். போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் 1,197-க்கு 5 சதவீதம் சேர்த்து 1,256 ரூபாய் 85 காசுதான் வருகிறது, இடிக்கிறது என்று அவரே பிடித்துவிடுவார். எக்ஸ் + 0.05எக்ஸ் = 1,260. 1.05-ஆல் வகுத்தால் 1,200. மூன்று ரூபாய் வித்தியாசம்தான். நூறு பில்லுக்கு எவ்வளவு என்று முதலாளி கணக்குப் போடுவார். அடுத்த முறை அக்கவுன்ட்ஸ் பக்கம் ஆள் தேவைப்படும்போது அவருக்கு யார் ஞாபகம் வரும்?

7. மைனஸும் பின்னமும்: இங்கேதான் உண்மையான போர்

கணக்கை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் ஓடுவது இந்த இடத்தில். இரண்டு தப்புகளை மட்டும் குறிவைத்து அடியுங்கள்.

ஒன்று, 5 − 2எக்ஸ் = 11. பையன் ஐந்தில் இரண்டைக் கழித்து 3எக்ஸ் = 11 என்பான். ஐந்து ரூபாயிலிருந்து இரண்டு தக்காளியைக் கழிக்க முடியுமா என்று அவனிடமே கேட்டுத் தெளியவைக்கலாம். ஐந்தை இரு பக்கமும் கழித்தால் −2எக்ஸ் = 6. −2-ஆல் வகுத்தால் விடை −3. மைனஸ் விடை வந்ததும் தப்பென்று அடித்துவிடுவான். போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 5 − 2 × (−3), அதாவது 5 + 6 = 11. மைனஸ் மைனஸ் பிளஸ் என்பது அவனுக்கு முதன்முறையாகப் பிழைப்புக்கு உதவும் இடம் இதுதான்.

இரண்டு, எக்ஸ் ÷ 4 − 3 = 5. நாலால் பெருக்க வேண்டும் என்று தெரியும். எக்ஸை மட்டும் காப்பாற்றிவிட்டு வலது பக்கத்தைப் பெருக்கி எக்ஸ் − 3 = 20, எக்ஸ் = 23 என்பான். நடுவில் நின்ற 3 பெருக்கலுக்குத் தப்பிவிட்டது. 'கடைசியில் போட்டதை முதலில் எடு' என்ற விதி பழகியிருந்தால் இந்தக் குழியே வராது: முதலில் 3 கூட்டு, 8. பிறகு நாலால் பெருக்கு, 32. பின்னமே ஆட்டம் காண்பவன் என்று முதல் நாள் தாளில் தெரிந்திருந்தால் இரண்டு வகுப்பு பின்னத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். வெட்கப்பட வேண்டாம், அதற்கும் கட்டணம் வாங்கலாம்.

8. பேச்சில் கவனம்

'இது ரொம்ப ஈஸி' என்று சொல்லாதீர்கள். ஈஸியானதே வரவில்லையென்றால் நான் மக்கு என்றுதான் கேட்பவனுக்குப் படும். 'இதுகூடத் தெரியாதா' பற்றிச் சொல்லவே வேண்டாம். தப்பு வந்தால் 'எந்த வரி வரைக்கும் சரி?' என்று கேளுங்கள். சரியாக இருக்கும் வரியின் கீழ் ஒரு கோடு, அங்கிருந்து தொடர்ச்சி.

மொழியையும் யோசியுங்கள். நம் ஏரியாவில் வீட்டில் தமிழ், கடையில் உருது, பஸ்ஸில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எந்த மொழியில் எண்ணுகிறானோ அந்த மொழியில் விளக்குங்கள், எந்த மொழியில் எக்ஸாமோ அந்த மொழியில் எழுதவையுங்கள். ரயில்வே தேர்வைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதலாம். வங்கி கிளார்க் வேலை வேறு கதை, எந்த மாநிலத்துக்கு அப்ளை செய்கிறோமோ அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். கர்நாடகக் காலியிடத்துக்குப் போகிறவன் கன்னடத்தை இப்போதே தேற்றிக்கொள்ளட்டும். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பது அங்கே சலுகை ஆகாது.

9. போனைப் பிடுங்காதீர்கள்

போட்டோமேத் போன்ற ஆப்பில் கணக்கைப் படம் பிடித்தால் எல்லா வரியும் வந்துவிடும். தடுத்தால் பாத்ரூமில் வைத்துப் பார்ப்பான். விதி போடுங்கள்: முதலில் தாளில் போடு, பிறகு ஆப்பில் பார், எந்த வரியில் பிரிந்தாய் என்று சிவப்பில் வட்டம் போட்டுக்கொண்டு வா. வட்டமே இல்லாத நோட்டு வந்தால் காப்பியடித்திருக்கிறான் என்று அர்த்தம்.

10. குறுக்குவழி விளையாட்டு கடைசியில்

ஆப்ஷன் கொடுத்துவிட்ட தேர்வில் ஆப்ஷனைப் போட்டுப் பார்ப்பது திருட்டு அல்ல. அப்பா மகனைவிட 24 வயது மூத்தவர், இரண்டு வருடத்தில் மகனின் வயதைப் போல் இரு மடங்கு ஆகிவிடுவார். மகனுக்கு என்ன வயது? 18, 20, 22, 24. 22-ஐப் போடு: அப்பா 46, இரண்டு வருடம் கழித்து 24-ம் 48-ம், முடிந்தது. ஆனால் எக்ஸ் + 26 = 2(எக்ஸ் + 2) என்று எழுதத் தெரிந்த பிறகே இதைச் சொல்லித்தாருங்கள். முன்பே சொன்னால் சமன்பாட்டை எழுதவே மாட்டான், ஆப்ஷன் சுத்தமான எண்ணாக இல்லாத நாளில் மாட்டிக்கொள்வான். ஸ்டாப்வாட்சும் அதுவரை மேசைக்கு வர வேண்டாம்.

11. நேரமும் காசும்

கடைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு விடுமுறை அல்ல, அன்றுதான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கூட்டம். காலை ஏழிலிருந்து எட்டரை வரை கேளுங்கள், கடை திறக்கும் முன் மூளை புத்துணர்ச்சியோடு இருக்கும். ரம்ஜான் மாதத்தில் இரவு முழுக்க வியாபாரம், அந்த மாதம் பாடத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா, பஸ் ஸ்டாண்டு பக்கம் கால் வைக்க இடமிருக்காது. வங்கி கிளார்க் பிரிலிமினரி 2024-ல் ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது, 2025-ல் அக்டோபருக்குப் போனது. ஆகவே தேதியை நம்பாமல் ஜூலைக்குள் சமன்பாட்டை முடித்துவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க அவனுக்கு இடமில்லையென்றால் கப்பன் பார்க்கில் சிவப்புக் கட்டடத்து மத்திய நூலகம் இருக்கிறது.

இலவசமாகச் சொல்லித்தராதீர்கள். குறைவாக வாங்குங்கள், ஆனால் மாத ஆரம்பத்திலேயே வாங்குங்கள். முதல் நாள் போட்ட அந்த ஐந்து கேள்வித் தாளைத் தேதி போட்டு வைத்திருங்கள். ஆறு வாரம் கழித்து அதே தரத்தில் இன்னொரு தாள், அதற்கும் தேதி. இரண்டையும் அப்பா முன்னால் வைத்தால் நீங்கள் வேறெதுவும் பேச வேண்டாம். இன்டர்வியூவில் 'சும்மாதான் இருந்தீர்களா?' என்று கேட்டாலும் அந்தத் தாள்கள் பதில் சொல்லும்.

கலந்துகட்டிய பத்துச் சமன்பாட்டை உதவியில்லாமல் போட்டு, பத்தையும் தானே சரிபார்த்துவிட்டால் அந்தப் பாடம் முடிந்தது. இழுத்தடிக்க வேண்டாம். இருபடிச் சமன்பாடு அடுத்த பேட்ச். கடையில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். பழைய ரேட்தானாண்ணா என்று அவர்கள் கேட்பார்கள். இல்லை என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.